குழந்தைகளின் தீராத மலபந்தம்

(பாளையம்பட்டியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



வானம் பார்த்த நமது பூமியில் கடனையும் விதையையும் குறித்தே கூடிப் பேசுகிறோம். இன்று குழந்தைகளின் மலபந்தத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். இது அற்ப விஷயமன்று. சில குழந்தைகளுக்கு இதனால் பிராணாபாயமும் நேர்வதுண்டு.

மலபந்தமுள்ள குழந்தைகளில் 100க்குச் சுமார் 95 பேருக்கு உறுப்புக் குறை எதுவுமில்லை. இறுகிய மலம் வலி தருகிறது; வலிக்கஞ்சிக் குழந்தை அடக்குகிறது; அடக்க அடக்க மலக்குடல் விரிந்து உணர்ச்சி மழுங்குகிறது. தேங்கிய கட்டியைச் சுற்றி நீர்மலம் கசிந்து ஆடையில் படும். இதைப் பேதியென்று எண்ணுவது தவறு. சோம்பலென்று அடிப்பது அநீதி.

தேங்கியதை முதலில் வைத்தியர் சொற்படி பாலிஎதிலீன் கிளைக்கால் போன்ற மருந்தால் இளக்கி வெளியேற்றவேண்டும். பிறகு குறைந்த அளவில் மாதக்கணக்காகத் தொடரவேண்டும். உணவுக்குப்பின் 5 அல்லது 10 நிமிஷம் பாதம் ஊன்றி உட்காரப் பழக்குக. போதிய நீரும், கம்பும், கீரையும் துணை செய்யும். ஆனால் மருந்துக்கு ஈடாகா. மருந்து பலிக்கவில்லை என்போரில் பலர், அதை இடையில் நிறுத்தியவர்களே. சோப்புத் துண்டு செருகுதல் அடியோடு தகாது.

முறைப்படி செய்தும் பலிக்காவிடில், வேறு காரணம் தேடவேண்டும். தைராய்டுக் குறைவும், முதுகுத்தண்டின் குறையும் காரணமாகலாம். மற்றொன்று, சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணும் பிறவி வியாதி. கோபன்ஹேகன் வைத்தியர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் இதை 1886இல் விவரித்தார். குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமையால் அது சுருங்கியே நிற்கும், மேற்பகுதி வீங்கும். வீங்கிய இடமே நோயிடமென்று நெடுங்காலம் எண்ணினர். 1948இல் ஆர்வர் ஸ்வென்சன், நரம்பணுவற்ற பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழிழுத்து இணைக்கும் சஸ்திர சிகிச்சையை வெளியிட்டார். இன்று மலக்குடலில் சிறு துணுக்கெடுத்துச் சோதித்து நோயை நிச்சயிக்கின்றனர்.

இவ்வியாதி இல்லாமலே மருந்துக்கு வசப்படாத வெகு சிலருக்கு, குடல்வாலை வயிற்றுத் தோலுடன் இணைத்து, அவ்வழியே நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறையுண்டு. இதனை மலோன் என்பார் 1990இல் வெளியிட்டார். நாள்தோறும் செய்யும் பொறுமை குடும்பத்தாருக்கு வேண்டும்.

அங்கத்தினர்களே! பிறந்த குழந்தை கரும்பச்சையான முதல் மலத்தை 48 மணி நேரத்துக்குள் கழிக்காவிடினும், வயிறு உப்பிப் பச்சையாக வாந்தியெடுத்தாலும், எடை ஏறாவிடினும் தாமதியாதீர்கள். மலபந்தமுள்ள குழந்தைக்கு ஜுரமும், வயிற்று உப்புசமும், நாற்றமுள்ள பேதியும் சேர்ந்து வந்தால், அன்றைக்கே வைத்தியசாலை செல்லவேண்டும். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். சஸ்திர சிகிச்சை வேண்டின், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. வழித்துணையின்றித் தவிக்கும் தாய்க்கு ஒருவர் உடன் செல்வதும் கூட்டுறவேயாகும்.