தண்ணீர் லாரியின் முன் சக்கரம்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்தவன் லாரியைப் பற்றிப் பேசுவானேன் என்று நினைப்பீர்கள். நாமக்கல் கிளையில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். அங்கே லாரிக் கடன் கோப்பு இல்லாத மேஜையே கிடையாது. மேலாளரோடு பழைய லாரிகளைப் பார்வையிடப் போவேன். அவர் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவார். பட்டறை மேஸ்திரி ஒருவர் எனக்கு முன் டயரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

போன வாரம் நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய லாரியின் முன் டயர்களைத் தடவிப் பார்த்தேன். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழுவழுப்பு. திரும்பக் கையை இழுத்தால் ரம்பப் பல் மாதிரி தடுக்குகிறது. இரண்டு சக்கரங்களும் முன்பக்கத்தில் அளவுக்கு மேல் உள்நோக்கி நிற்கின்றன என்று அர்த்தம். இதற்குத் தலைகீழாகத் தடுக்கினால் வெளிநோக்கி நிற்கின்றன. டயரில் ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சர்பரையும் சக்கர பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன். நம் பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்கும் கேட் வழியாகத்தான் அது வருகிறது.

"இடது பக்கம் இழுக்குது சார், அலைன்மென்ட் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார் டிரைவர் தம்பி. எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்ந்த பாகங்களை அப்படியே விட்டுவிட்டு அலைன்மென்ட் செய்வது, வவுச்சர்களைச் சரிபார்க்காமல் இருப்புநிலைக் குறிப்பில் கையெழுத்துப் போடுவது போல. நாலு குழியில் இறங்கி ஏறினால் கணக்கு மறுபடி உதைக்கும்.

முதலில் கிங் பின். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஆனால் அது கிங் பின் ஆட்டமா, பேரிங் ஆட்டமா? மேஸ்திரியின் வழி இது: ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, இன்னொருவர் மறுபடி ஆட்டுவது. ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்னோ அதன் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. எத்தனை பட்டறைகளில் இது தெரியாமல் நல்ல பேரிங்கைக் கழற்றி மாற்றினார்களோ!

டை ராடு எண்டைப் பார்க்க ஜாக்கி வேண்டாம். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சற்றே ஆட்டட்டும். ராடு நகர்ந்தும் அடுத்த பாகம் தாமதமாக நகர்ந்தால் அந்த மூட்டு போய்விட்டது.

இழுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இரண்டு டயரிலும் காற்று சமமா, ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டு டிரம் சூடாகிறதா என்று பார்த்தபின் டேப்பை எடுக்க வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இருபுறமும் அளப்பது. இடது பக்கம் குறைந்தால், அங்கே ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்தோ, யூ போல்ட் தளர்ந்தோ ஆக்சில் பின்னால் நகர்ந்திருக்கலாம். இதை எந்த அலைன்மென்டும் சரிசெய்யாது. இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும். எனக்குப் பழகிய வேலை.

வரும் சனிக்கிழமை தண்ணீரை இறக்கியபின், லாரி உரிமையாளர் மெக்கானிக்கோடு வரச் சம்மதித்திருக்கிறார். டேப் நான் கொண்டுவருகிறேன். அதுவரை லாரி காலை 9 மணிக்கு மேல், பள்ளி வேன்கள் போனபிறகு வரும். கட்டணம் கூடுமா என்று இரண்டாம் மாடி மாமா கேட்டார். கூடாது, பேசிவிட்டேன்.