மறைந்த மனைகளுக்கு ஒரு கல்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு, நான் அகரம் பயின்ற தமிழ்ப்பள்ளி இருந்த இடத்திற்கு என் மகளை அழைத்துச் சென்றேன். பலகைக் கட்டடம் இல்லை. அதனை அடுத்திருந்த வரிசை வீடுகளும் இல்லை. வாகனங்களே நின்றன. "அப்பா, எந்த இடத்தில் உட்கார்ந்து படித்தீர்கள்?" என்று அவள் கேட்டாள். விரல் நீட்டிக் காட்ட என்னால் இயலவில்லை. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன் நான். கோப்பில் நில எண் இருக்கும், பரப்பளவு இருக்கும். அங்கு வாழ்ந்தோர் நினைவு இராது.

தலைநகரில் இவ்வாறு மறைந்தவை பல. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட புடு சிறைச்சாலை 1996இல் மூடப்பட்டது. 2010 முதல் 2012 வரை இடிக்கப்பட்டு, முகப்பு வாயில் எஞ்சியது. அம்பாங் சாலையில் 1929இல் எழுந்த போக் மாளிகை, தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்ட பின்னரும், 2006 டிசம்பரில் தரைமட்டமாயிற்று. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், செங்கல் கட்டடங்கள் வேண்டுமெனச் சூளைகள் பெருகிய இடம் பிரிக்பீல்ட்ஸ். சூளைகள் போயின, பெயராவது நின்றது. ஆனால், அங்கு நம்மவர் உழைத்த இரயில்வே முற்றம் இருந்த நிலத்தில் 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரலின் பெயரில் அவ்வுழைப்பின் சுவடு இல்லை.

இலண்டனில் புகழ்பெற்றோர் இல்லங்களில் நினைவுப் பலகை பதிக்கும் வழக்கம் 1867இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் தொடங்கிற்று. 1889இல் அவ்வீடே இடிக்கப்பட்டது. பலகையும் உடன் போயிற்று. ஆகவே, பலகை கட்டடத்தைக் காக்காது. காக்க வேண்டியதை இடிக்கவிட்டுப் பின்னர் கல் நாட்டுவது கடமையாகிவிடாது. எனினும், கட்டடம் போனபின் கல்லும் இல்லையெனில், அங்கு எவரும் வாழ்ந்ததே இல்லை என்றாகிவிடும்.

இது நமக்குப் புதிய நெறியன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டு, கோயிற் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயர்களையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு யாருக்குரியது என்பதையும் உரைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அத்தெருவீடுகள் இல்லை. வாழ்ந்தவர் பெயர் கோயிற் சுவரில் இருக்கிறது.

ஆதலால் நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். சாலாக் செலாத்தானின் பழைய வீடுகளை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அடுத்த திருவிழாவிற்குள் நம் இளைஞர்கள் அவர்களிடம் அமர்ந்து, எது எங்கிருந்தது, யார் வாழ்ந்தனர், எப்போது, எதற்காக அகற்றப்பட்டது என எழுதி வாங்கட்டும். இருவர் சொல் ஒத்தாலன்றிக் கல்லில் ஏற்ற வேண்டா. தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய வரைபடங்களோடு ஒப்பிடும் பணியை நான் ஏற்கிறேன். பின்னர், தமிழிலும் மலாயிலும் ஒரு கல்லை இம்மண்டபச் சுவரில் பதிப்போம்.

உபயகாரர் பெயரைப் பொறிக்கச் சுவரில் இடம் வைக்கிறோம். கூலி உயர்வு கேட்கவும் அஞ்சிய காலத்தில் இந்த ஊரை உண்டாக்கியோர்க்கும் அதில் ஒரு சாண் இடம் தருவோம். நாளை ஒரு குழந்தை கேட்கும்போது, விரல் நீட்டிக் காட்ட நமக்கு ஓர் இடம் இருக்கட்டும்.