ஆள் கொண்டுவந்து விடுவதற்கும் ஒரு கூலி உண்டு

(திருப்பாலைவனத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன மாதம் இரண்டு குழுக்காரங்க தனித்தனியா வந்து ஒரே கேள்வியைக் கேட்டாங்க. வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து பேசியிருக்கார். "கடைக்காரங்களுக்கு லீட் பிடிச்சுக் கொடுக்கிற வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், போன் இருந்தா போதும். ஆளுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டினா பயிற்சியும் ஐடி கார்டும் உண்டு" என்று சொல்லியிருக்கார். உள்கடன் எடுத்துக் கட்டலாமா என்பதுதான் கேள்வி.

பணத்துக்குப் பதில் முதலில் சொல்லிடறேன். கட்ட வேண்டாம். வேலை கொடுக்கிறவர் கூலி கொடுக்கணும், நம்மகிட்ட வாங்கக்கூடாது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலும் 5,000-க்கு மாதம் 50 ரூபாய் வட்டி ஓடும். முதல் கடைக்காரர் சம்மதிக்கும் முன்னாடியே நாம கடனாளி.

ஆனா அந்த வேலை பொய்யான வேலை இல்லை. அதனாலதான் இன்னிக்கு இதைப் பற்றியே பேசறேன்.

லீட் என்ற வார்த்தையைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். ஒருத்தருக்குப் பந்தல் வேணும், ஒருத்தருக்குப் படகு இன்ஜின் பழுது பார்க்கணும், ஒருத்தருக்கு ஐம்பது பேருக்கு மீன் சாப்பாடு வேணும். இப்படித் தேவை உள்ளவர் பேர், ஊர், போன் நம்பர், என்ன வேணும், எப்போ வேணும் என்ற விவரம்தான் லீட். அதை உரிய கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது சேவை. இது நமக்குப் புதுசா? கூடை தூக்கி மீன் விற்கப் போற அக்காமார் எத்தனை கல்யாணத்துக்கு சமையல்காரர் சொல்லிவிட்டிருக்கீங்க? எத்தனை வீட்டுக்கு டெய்லரைக் காட்டியிருக்கீங்க? எல்லாம் இலவசமா செஞ்சீங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம ஊருக்கு இது இன்னும் பழசு. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டி துணி வியாபாரம் செய்தார்கள். அவர்களுக்கு நெசவாளர் யார் என்று தெரியாது, பாஷையும் தெரியாது. நடுவில் நின்று சேர்த்துவைத்தவர்கள் இங்கிருந்த வணிகர்கள். அச்சுதப்பச் செட்டி, அவர் தம்பி சின்னண்ணச் செட்டி பேரெல்லாம் சரித்திரத்தில் இருக்கு. நெசவு செய்தவர் பேர் ஒன்றுகூட நமக்குத் தெரியலை, பாருங்க. அது வேற கதை.

நம்ம காலத்துக்கு வருவோம். ஜஸ்ட் டயல் கேள்விப்பட்டிருப்பீங்க. அதை ஆரம்பித்த வி.எஸ்.எஸ். மணி, மஞ்சள் பக்க டைரக்டரிக்கு ஆள் பிடிக்கும் விற்பனையாளராக வேலை பார்த்தவர். போனில் கூப்பிட்டால் கடை விவரம் சொல்லும் சேவையை 1989-இலேயே முயன்றார். அப்போ எத்தனை வீட்டில் போன் இருந்தது? நடக்கலை. 1996-இல் மும்பையில் மறுபடி ஆரம்பித்தார், அது நின்றது. கேட்கிறவருக்கு இலவசம், பேர் முன்னாடி வர விரும்பும் கடைக்காரர் பணம் கட்டணும். இதுதான் அந்த வியாபாரத்தின் அடிப்படை. தொழிற்சாலைச் சாமானுக்கு அதே 1996-இல் இந்தியாமார்ட் வந்தது.

அப்படிப்பட்ட பெரிய கம்பெனிகள் இருக்கும்போது நம்மகிட்ட யார் வருவாங்க என்று ஒரு தங்கச்சி கேட்டாங்க. நல்ல கேள்வி. லைட் ஹவுஸ் குப்பத்தில் பைபர் படகு ஒட்டுகிறவர் நல்லா ஒட்டுவாரா, சொன்ன நாளில் தருவாரா என்பது பெரிய கம்பெனிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இன்னொன்று, ஆன்லைனில் ஒரு விசாரணையையே நாலைந்து கடைக்கு அனுப்பும் பழக்கம் உண்டு. கடைக்காரர் காசு கட்டியும் அடித்துப் பிடித்துப் போட்டி போடணும். நாம ஒரு விசாரணையை ஒருத்தருக்குத்தான் தருவோம். இந்த ஒரு வாக்கை வைத்தே கடைக்காரரிடம் பேசலாம்.

எப்படிப் பேசுவது? முதலில் நேரம். காலையில் ஏலம் நடக்கும்போது ஐஸ் கடைக்காரரிடமோ வலைக்கடைக்காரரிடமோ போய் நிற்காதீங்க. மத்தியானம் இரண்டரை, மூணு மணிக்குப் போங்க. தனியாகப் போக வேண்டாம், இரண்டு பேரா போங்க. "டிஜிட்டல் மார்க்கெட்டிங் பண்றோம்ணே" என்று ஆரம்பித்தால் அவர் காது மூடிக்கும். முதலில் கேளுங்க. "அண்ணே, போன மாசம் புதுசா எத்தனை பேர் வந்தாங்க? எந்த ஊர்லேருந்து வந்தாங்க? எந்த வேலையில உங்களுக்கு மிச்சம் நிக்குது? எந்த நாள்ல கடை சும்மா இருக்கு?" இந்த நாலு கேள்வி போதும். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது, யோசிப்பாங்க. அந்த யோசனையில்தான் நமக்கு இடம் கிடைக்கும்.

"எனக்கு இந்த ஊர்ல தெரியாதவங்க யாரும்மா?" என்பார். உண்மைதான். "ஊருக்குத் தெரியும்ணே. பூநாரை பார்க்க மெட்ராஸ்லேருந்து வர்றவங்களுக்குத் தெரியுமா? பொன்னேரியில கல்யாணம் வச்சிருக்கிறவருக்குத் தெரியுமா?" என்று கேளுங்க. "ஏற்கெனவே ஒருத்தன் காசு வாங்கிட்டுப் போயிட்டான்" என்றும் சொல்வார். அதுக்கு வாதாட வேண்டாம். "முதல் மூணு விசாரணைக்குக் காசு வேண்டாம்ணே, பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று சொல்லி நோட்டில் எழுதி, அவர் கையெழுத்தும் உங்க கையெழுத்தும் போடுங்க. குழு நோட்டு எழுதிப் பழகிய கை நமக்கு, இது ஒரு பெரிய பலம்.

கணக்கு இப்போ. பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் கடை ஒன்று என்று வச்சுக்குங்க. ஒரு ஆர்டர் 6,000 ரூபாய். ஆள் கூலி, டெம்போ போக 1,500 மிச்சம். விசாரணை ஒன்றுக்கு 30 ரூபாய் கேட்கலாம், இல்லை ஆர்டர் ஆனால் நூற்றுக்கு 5, அதாவது 300 ரூபாய் கேட்கலாம். எது நல்லது? பத்து விசாரணை அனுப்பினால் முதல் வழியில் நமக்கு 300. அந்தப் பத்தில் ஒன்றுதான் ஆர்டர் ஆச்சு என்றால் இரண்டாவது வழியிலும் 300. மூணு ஆச்சு என்றால் 900. அதிலும் கடைக்காரருக்கு 3,600 கையில் நிற்கும். ஆக, நம்ம ஆள் தேர்வு நல்லா இருந்தால் ஆர்டர் கணக்கு லாபம். சும்மா விலை கேட்கிறவர் நம்பரை எல்லாம் அள்ளி அனுப்பினால் ஆர்டர் கணக்கில் பட்டினிதான். ஆரம்பத்தில் ஆர்டர் கணக்கே பேசுங்க. கடைக்காரருக்குப் பயம் குறையும், நமக்கும் பொறுப்பு வரும்.

ஆர்டர் ஆச்சா இல்லையா என்று அவர் மறைத்தால்? மறைப்பாங்க, எல்லாரும் இல்லை, சிலர். அதனால விசாரணை நேரா கடைக்குப் போகக்கூடாது, குழு நம்பருக்கு வரணும். குழுவுக்கென்று தனி சிம் ஒன்று போட்டு அதில் வாட்ஸ்அப் பிசினஸ் வைங்க. 2018-இல் வந்தது, இலவசம். கடைகளின் படம், விலை எல்லாம் அதிலேயே போடலாம். கூப்பிட்டவர் பேர், தேதி, தேவை, யாருக்கு அனுப்பினோம் என்று நோட்டில் ஏற்றுங்க. நாலு நாள் கழித்து அவரையே கூப்பிட்டு "வேலை முடிஞ்சுதா, திருப்தியா" என்று கேளுங்க. கணக்கும் தெரியும், கடைக்காரர் எப்படி நடந்தார் என்பதும் தெரியும்.

ஒருத்தர் நம்பரை அவர் சம்மதம் கேட்காமல் யாருக்கும் கொடுக்கக்கூடாது. "உங்க நம்பரை இந்தக் கடைக்காரருக்குக் கொடுக்கட்டுமா" என்று ஒரு வார்த்தை. தனிநபர் தகவலைப் பாதுகாக்க 2023-இல் சட்டமே போட்டிருக்காங்க. உறுப்பினர் பட்டியலில் இருக்கும் நம்பர்களை எடுத்து விளம்பரம் அனுப்புவது, பட்டியலை விற்பது இரண்டும் கூடவே கூடாது. நம்பரைக் கொடுத்த பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்கு எவனோ கூப்பிட்டால் யார் பதில் சொல்வது? தெரியாதவங்களுக்கு மொத்தமா மெசேஜ் தட்டினால் வாட்ஸ்அப் நம்பரையே முடக்கிடும், அது தனி.

கூகுள் மேப்பில் கடையை ஏற்றிக் கொடுப்பதும் இந்தச் சேவையில் சேர்க்கலாம். கூகுள் இதுக்குக் காசு வாங்குவதில்லை. "கூகுளிலிருந்து பேசறோம், பணம் கட்டலைன்னா உங்க கடை மேப்பில் இருந்து போயிடும்" என்று கூப்பிடுகிறவன் ஏமாற்றுக்காரன், இதைக் கடைக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்க. நீங்க ஏற்றித் தரும் நேரத்துக்கு, படம் எடுக்கும் வேலைக்குக் கூலி கேட்கலாம், தப்பில்லை. ஆனா கணக்கு கடைக்காரர் பேரில், அவர் ஜிமெயிலில் இருக்கணும். பாஸ்வேர்டை நாம வைத்துக்கொண்டு பிறகு மிரட்டும் வேலை வேண்டாம். மச்சானை விட்டு ஐந்து நட்சத்திரம் போடவைப்பதும் வேண்டாம்.

இப்போ மனசு கனமான ஒரு விஷயம். பழவேற்காட்டுக்கு ஆள் கொண்டுவருவது என்றவுடனே எல்லாருக்கும் ஞாபகம் வருவது படகு சவாரிதான். நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரை வரும் பருவம், டச்சுக் கல்லறை, ஏரி, முகத்துவாரம் என்று பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதும் அதுதான். ஒரு படகுக்கு ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் உடனே கையில் வரும். ஆனா 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அன்னிக்குக் கரையில் நின்ற பலர் இந்தக் கூட்டத்தில் இருக்கீங்க, நான் விவரிக்கத் தேவையில்லை. அதுக்கப்புறம் சவாரிக்குத் தடை போட்டாங்க. அரசு அனுமதி இல்லாத, உயிர்காப்பு அங்கி இல்லாத படகுக்கு நம்ம குழு நம்பரிலிருந்து ஒரு ஆள்கூடப் போகக்கூடாது. "நான் படகு ஓட்டலையே, நம்பர்தானே கொடுத்தேன்" என்று சொல்ல முடியாது. அவர் நம்மை நம்பித்தான் வந்தார்.

அதே ஆளுக்கு நாம காட்டக்கூடியது எவ்வளவோ இருக்கு. வீட்டில் சமைக்கும் இறால் குழம்பும் நண்டு வறுவலும் மத்தியானச் சாப்பாடாகக் கொடுக்கும் அக்காமார் இருக்காங்க. ஓலையில் கூடை, பெட்டி முடையும் பெண்கள் இருக்காங்க. பழவேற்காட்டு ஓலைப் பின்னலுக்கு வெளியூரில் நல்ல பேர். சனி, ஞாயிறு எத்தனை பேர் வருவாங்க என்று வெள்ளிக்கிழமையே சொல்ல ஆள் இருந்தால் சமைக்கிறவருக்கு மீன் வீணாகாது. இதுக்கும் சேவைக் கூலி நியாயமானதுதான், ஆனா நம்ம குழுப் பெண்களிடம் வாங்கும் விகிதம் கடைக்காரரிடம் வாங்குவதில் பாதி என்று வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். கூட்டமைப்பு பேசி முடிவு செய்யட்டும்.

கடைசியா ஒன்று. பத்து பேரை அனுப்பும் முன்னாடி கடைக்காரரால் பத்து பேரைச் சமாளிக்க முடியுமா என்று பாருங்க. ஒரே ஒரு கொதிகலத்தை வைத்து இருபது சாப்பாடு போடும் அக்காவுக்கு அறுபது பேரை அனுப்பினால் அவங்களுக்குக் கெட்ட பேர், நமக்கும் கெட்ட பேர். முதல் மாதம் ஒரு குழுவுக்கு மூணு கடை போதும்.

செய்ய விருப்பம் உள்ள குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, அவங்க ஊரில் மூணு கடைக்காரரிடம் அந்த நாலு கேள்வியைக் கேட்டு பதிலை எழுதிக்கொண்டு வரணும். ஒரு 80 பக்க நோட்டு போதும். அந்த ஆள் முன்பணம் கேட்டு மறுபடி வந்தால் உட்கார வைத்து டீ கொடுங்க, காசு மட்டும் கொடுக்காதீங்க, பிரதிநிதிக்கு உடனே போன் போடுங்க.