லோயர் கேம்ப்பில் ஆள் கிடைக்கலையாம்

இந்த வாரம் உங்களைக் கொஞ்சம் தூரமா கூட்டிட்டுப் போறேன். தேனியில் குமுளி பஸ் ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் கடைசியாக வருகிற ஊர் லோயர் கேம்ப். தேக்கடிக்குச் சுற்றுலா போயிருந்தால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் மலையிலிருந்து இறங்குகிற ராட்சதக் குழாய்கள், கீழே மின் நிலையம், ரோட்டோரம் 2013-இல் திறந்த பென்னிகுக் மணிமண்டபம். அவ்வளவுதான் ஊர்.

'ஸ்கில் கேப்'ங்கிற வார்த்தையைக் கேட்காத ஆள் இன்னைக்கு இருக்க முடியாது. கம்பெனி "திறமையான ஆள் இல்லை" என்கிறது. படிச்ச பையன் "வேலை இல்லை" என்கிறான். நடுவில் தொழில் துறையும் கல்வித் துறையும் அரசும் கைகோக்கணும்னு மேடைதோறும் பேசறாங்க. இதைச் சென்னையிலிருந்து பார்த்தால் ஐ.டி. பார்க்கும் கார் தொழிற்சாலையும்தான் கண்ணுக்குத் தெரியும். நான் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்க்கச் சொல்றேன்.

முதலில் இந்த ஊரின் பெயர். இது உண்மையிலேயே ஒரு கேம்ப்தான். 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை வேலைக்காக மலைக்குக் கீழே போட்ட முகாம். மேலே காடு, மலேரியா, யானை, போட்ட தற்காலிக அணையை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம். அந்த வேலை தெரிந்த ஆள் அப்போது இந்தப் பள்ளத்தாக்கில் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. என்ன செய்தார்கள்? மதராஸ் பயனியர்ஸ் என்ற ராணுவப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியத் தச்சர்களை வரவழைத்தார்கள். கூலிக்கு வந்தவர்கள் வேலையைச் செய்தே கற்றுக்கொண்டார்கள். காய்ச்சலில் செத்தவர்களின் கல்லறைகள் அணைக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தைப் புகழ நான் இதைச் சொல்லலை. அது காலனி அரசு, அதன் உழைப்பு முறை கொடூரமானது. ஆனால் ஒரு விஷயம் தெளிவு. அணை கட்டினவனுக்கு ஆள் தேவைப்பட்டது, ஆளை உருவாக்குகிற செலவு தன்னுடையதுன்னு அவன் ஏற்றுக்கொண்டான். "திறமையோட வா, அப்புறம் பார்க்கலாம்"னு யாரும் சொல்லலை.

அடுத்தது மின் நிலையம். 1950-களின் கடைசியில் ஓடத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 35 மெகாவாட் என்று நாலு இயந்திரங்கள், மொத்தம் 140. பின்னால் திறனைக் கூட்டினார்கள். தேக்கடி ஏரித் தண்ணீர் சுரங்கம் வழியாக வந்து, அந்தக் குழாய்களில் விழுந்து, மின்சாரமாகி, அப்புறம்தான் வயலுக்குப் போகிறது. இங்கேயும் அதே கதைதான். மின்வாரியம் தன் ஆட்களைத் தானே பழக்கிக்கொண்டது. வேலை கொடுத்தவனே பள்ளிக்கூடமாகவும் இருந்தான்.

இப்போ இன்றைக்கு வருவோம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் சிறப்பு. மற்ற இடங்களில் திராட்சைக்கு சீசன் உண்டு. இங்கே ஒருத்தர் தோட்டத்தில் பழம் வெட்டும்போது பக்கத்துத் தோட்டத்தில் கொடி அப்போதுதான் துளிர்க்கும். இதைச் செய்வது வெறும் மண்ணும் காற்றும் இல்லை. கவாத்து.

கவாத்துன்னா கொடியை வெட்டிவிடறது. கேட்க எளிதா இருக்கு. பந்தலுக்குக் கீழே நின்று, கழுத்தை மேலே தூக்கி, ஒவ்வொரு கிளையையும் பார்க்கணும். இது முற்றின கிளையா, இளசா? முற்றினதென்றால் பன்னீர் ரகத்துக்கு நாலஞ்சு மொட்டு விட்டு வெட்டணும், அதில்தான் காய் வரும். வலுவில்லாத கிளையென்றால் ஒன்றிரண்டு மொட்டோடு நறுக்கணும், அது அடுத்த போகத்துக்கான கொடி. தப்பாக வெட்டினால் இலைதான் வரும், குலை வராது. அது தெரியவே வாரக்கணக்கில் ஆகும், தெரியும்போது அந்தப் போகம் போயிருக்கும். ஒரு நாளைக்குப் பல நூறு தடவை இந்த முடிவை எடுக்கிற ஒருத்தரை நம் கணக்கெடுப்பு எப்படிக் குறிக்கிறது? 'திறன் பெறாத தொழிலாளர்'. எக்செல் ஷீட்டில் வடிகட்டத் தெரிஞ்சவருக்கு சான்றிதழ் இருக்கு, இவருக்கு இல்லை.

தோட்டக்காரர்களிடம் பேசினால் முதல் வார்த்தையே "ஆள் இல்லைப்பா"தான். ஒருத்தர் சொன்னார்: "கவாத்து தெரிஞ்சவங்க எல்லாம் வயசாளி ஆயிட்டாங்க. சின்னப் பசங்க திருப்பூர் போறான், கோயமுத்தூர் போறான். பொம்பளையாளுங்க விடிஞ்சா மலைக்குப் போயிடறாங்க." மலைன்னா கேரளா, இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்கள். விடியற்காலையில் கூடலூர், கம்பம் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலைப்பாதையில் ஏறும். சாயங்காலம் இறங்கும். எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் நம்புவீங்க.

ஏன் போகிறார்கள்? ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கில், 2021-22-இல் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளாவில் 726 ரூபாய், தமிழ்நாட்டில் 445. பெண்கள் கூலி வேறதான், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனா எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம்னு இதிலேயே தெரியுது இல்லையா?

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்து எல்லை மூடினபோது, தமிழ்த் தொழிலாளர்கள் அங்கிருந்து பயந்து இறங்கி வந்தார்கள். ஏலக்காய் பறிக்க ஆளில்லாமல் தோட்டங்கள் தவித்தன. 2020 கொரோனா ஊரடங்கில் மறுபடி அதே நிலை. ஏலக்காயும் சும்மா உருவிப் போடற வேலை இல்லை. பக்குவமான காயை மட்டும் எடுத்து, பிஞ்சைச் செடியிலேயே விட்டுட்டு வரணும். பிஞ்சைப் பறிச்சால் காய்ஞ்சதும் எடை நிற்காது, நிறமும் போயிடும்.

அதனால் குமுளிக்கு மேலேயும் 'ஆள் பற்றாக்குறை', குமுளிக்குக் கீழேயும் 'ஆள் பற்றாக்குறை'. இரண்டு இடத்திலும் இல்லைன்னு சொல்லப்படற ஆள் ஒரே பெண்தான். காலையில் ஜீப்பில் நின்னுக்கிட்டுப் போறவங்க. அவங்களுக்கு இரண்டு பயிரின் வேலையும் தெரியும். எந்தப் பக்கமும் அதை எழுதி வைக்கலை, அவ்வளவுதான். திறன் இல்லைங்கிறதையும், இருக்கிற திறனுக்குக் கட்டுப்படியாகிற கூலி இல்லைங்கிறதையும் நாம ஒரே பெயரில் கூப்பிடறோம்.

சரி, அரசு சும்மா இருக்கான்னு கேட்டால், இல்லை. 2022-இல் 'நான் முதல்வன்' வந்தது. அதே வருஷம் டாட்டா டெக்னாலஜீஸோடு ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனமாக்குகிற 2,877 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. ரோபோ, சி.என்.சி. இயந்திரம் எல்லாம் ஐ.டி.ஐ. பட்டறைக்குள் வந்தது. ஐ.டி.ஐ.யில் படிக்கிற பையனுக்கு மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். கேலி செய்ய ஒன்றுமில்லை, நல்ல வேலை. ஒரகடத்தில் இது அருமையாக நடக்கும், ஏன்னா ஐ.டி.ஐ. சுவருக்கு அந்தப் பக்கமே தொழிற்சாலை. ஆனா தேனி மாவட்டத்துப் பையன் அதே படிப்பை முடிச்சுட்டு என்ன செய்வான்? ஓசூர் பஸ் பிடிப்பான். அவனுக்கு நல்லது, சந்தோஷம்தான். "ஊரிலேயே இரு"ன்னு யாரையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பள்ளத்தாக்கின் பற்றாக்குறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கு.

இங்கேதான் சட்டத்தின் ஒரு சின்ன விஷயம் முக்கியமாகிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. இப்போதைய விதிப்படி 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்கணும். ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் இருந்தால் விருப்பம். இப்போ கம்பம் பள்ளத்தாக்கைப் பாருங்க. ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் தோட்டங்கள். நாலு பேர் வேலை பார்க்கிற பம்ப்செட் கடை. சொட்டுநீர்க் குழாய் போடற ஒருத்தர், அவருக்கு ஒரு உதவியாள். கைகோக்கணும்னு சொல்றோமே, தொழில் துறைங்கிற அந்தக் கையே இங்கே நூறு விரலாகப் பிரிஞ்சு கிடக்கு.

ஜெர்மனியைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மற்ற நாள் வேலையிடம்னு. அதில் குறைவாகப் பேசப்படற பகுதிதான் நமக்கு வேணும். அங்கேயும் சின்னக் கடைகள் நிறைய. ஒரு கடையால் முழுத் தொழிலையும் கற்றுக்கொடுக்க முடியாதபோது, சில கடைகள் சேர்ந்து ஒரு பழகுநரைப் பகிர்ந்துக்கறாங்க. பரிட்சையை வர்த்தக சபையே நடத்துது. கற்றுக்கொடுக்கிறவர் அந்தத் தொழிலில் 'மைஸ்டர்', அதாவது கை தேர்ந்தவர்.

நம் சட்டத்திலும் முதலாளிகள் கூட்டாகப் பழகுநரை எடுக்க இடம் இருக்கு. திராட்சை விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று அந்த இடத்தில் நிற்கலாம். இருபது தோட்டம், ஆறு பழகுநர், சுற்று முறையில். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கு, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு. பாடம் சொல்ல ஆளுக்கு மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஆனா ஒரு முட்டுக்கட்டை. முப்பது வருஷம் கவாத்து செய்தவரைப் பயிற்றுநராகப் போடணும்னா அவரிடம் சான்றிதழ் கேட்பாங்க. தெரிஞ்சவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதி இல்லை, தகுதி இருக்கிறவர் பந்தலுக்குக் கீழே நின்றதில்லை. ஏற்கனவே தெரிந்த வேலைக்குச் சோதனை வைத்துச் சான்று கொடுக்கிற ஏற்பாடு 2015-இல் தொடங்கின பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே உண்டு. முதல் சான்றிதழ் அந்தக் கவாத்துக்காரருக்கும் ஜீப்பில் போகிற பெண்ணுக்கும் போகணும்னு நான் நினைக்கிறேன், இருபது வயசுப் பையனுக்கு அப்புறம்.

தோட்டக்காரர் பாடத்திட்ட மேஜையில் ஏன் உட்காரணும்ங்கிறதுக்கு ஒரு உதாரணம். இப்போ எங்கே பார்த்தாலும் ட்ரோன் பயிற்சி. மருந்தடிக்க ட்ரோன் ஓட்டத் தெரிஞ்சால் கிராமத்திலேயே வேலைன்னு சொல்றாங்க. நெல் வயலுக்குச் சரி. பன்னீர் திராட்சைக்குப் பெரிய எதிரிகளில் ஒன்று அடிச்சாம்பல் நோய். பெயரிலேயே இருக்கு பாருங்க, இலைக்கு அடிப்பக்கம். கொடியோ பந்தல் மேல் படுத்திருக்கு. மேலிருந்து தெளிக்கிற மருந்து அடிப்பக்கத்துக்கு எப்படிப் போகும்? பந்தலுக்கு ட்ரோன் பயன்படவே படாதுன்னு நான் சொல்லலை. பயிற்சி வகுப்பு திறக்கிறதுக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தோட்டக்காரர் அறையில் இருந்தாரா என்பதுதான் விஷயம்.

கூலிக்கு வருவோம், அதைத் தவிர்த்துட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. "பயிற்சி கொடுத்தால் அவங்க மலைக்குத்தானே போவாங்க, நான் ஏன் செலவு பண்ணணும்?" இது தோட்டக்காரர்களின் நியாயமான பயம். பழத்தின் விலை வியாபாரி கையில், மழை யார் கையிலும் இல்லை. அவர்களும் பணக்காரர்கள் இல்லை. ஆனா சான்று பெற்ற கவாத்து ஆளுக்கு இவ்வளவு கூலின்னு இருபது தோட்டம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்காத வரைக்கும், அந்த வகுப்பில் யார் உட்காருவாங்க? பழகுநர் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசின் திட்டம் ஏற்கனவே கொடுக்குது. மாநிலம் இன்னொரு பங்கு போட்டால் தோட்டக்காரர் தலையில் விழுவது கொஞ்சம்தான்.

கடைசியா ஒரு நடைமுறை விஷயம். ஐ.டி.ஐ. சேர்க்கை கோடையில் நடக்கும், வகுப்பு காலண்டர்படி ஓடும். திராட்சைக்கு அந்தக் காலண்டர் தெரியாது. கவாத்திலிருந்து அறுவடை வரை சுமார் நாலு மாசம். ஒரு பழகுநர் தான் வெட்டின கொடியில் தானே குலை பார்த்துட்டுத்தான் வெளியே போகணும், அதுதான் பரிட்சை. அப்படின்னா பயிற்சி முதல் கவாத்து அன்றைக்குத் தொடங்கி நாலு மாசம். வருஷம் முழுக்க எங்கேயாவது கவாத்து நடக்கிற இந்தப் பள்ளத்தாக்கில் எந்த மாசமும் ஒரு பேட்ச் தொடங்கலாம். ஐ.டி.ஐ. முதல்வர், ஆராய்ச்சி நிலையத் தலைவர், உற்பத்தியாளர் நிறுவனம், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம், நாலு கையெழுத்து. கூலி எவ்வளவுங்கிற வரியை முதலில் எழுதிட்டு, மற்றதை அப்புறம் நிரப்பிக்கலாம்.