ஈரல் எனும் அமானிதம்

 

எமதூரில் ஐவேளைத் தொழுகையையும் ஜமாஅத்துடன் பேணிவந்த ஒருவர் நோயுற்றார். கண்கள் மஞ்சளாயின; வயிறு வீங்கியது. ஈரல் சுருங்கிவிட்டதாக வைத்தியர் கூறினார். உடனே, "இரகசியமாகக் குடித்திருப்பாரோ?" என்ற பேச்சு பள்ளிவாசல் வரை வந்தது. அதனைச் செவியுற்றும் நான் மறுத்துரைக்கவில்லை. அவரைப் பீடித்திருந்தது ஹெப்படைட்டிஸ் பீ வைரஸ் என்பதைப் பின்னரே அறிந்தேன். மன்னிப்புக் கோருமுன் அவர் வஃபாத்தானார்.

மது ஈரலை அழிப்பது உண்மையே. முதலில் கொழுப்புப் படிகிறது. பின்னர் அழற்சி உண்டாகிறது. ஈற்றில் தழும்புகள் மண்டி ஈரல் சுருங்குகிறது. புற்றுநோயும் தோன்றலாம். ஸூரத்துல் மாஇதாவின் 90ஆவது வசனம் மதுவை விலக்கியிருப்பது எமக்குப் பெரும் அருளாகும். வைரஸ் தொற்றியவர் மதுவும் அருந்துவாராயின் அழிவு இன்னும் விரைவாகும். நண்பர்களோடு ஒருமுறைதானே என எண்ணும் இளைஞர்களே, இதனைச் சிந்தியுங்கள்!

ஆயினும், மது அருந்தாதவரையும் ஹெப்படைட்டிஸ் பீ, சீ வைரஸ்கள் பீடிக்கும். இவை பிறரது இரத்தம் பட்ட ஊசி, சவர அலகு, கத்னாக் கத்தி என்பவற்றால் தொற்றலாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும், உடலுறவினாலும் பரவலாம். பிறக்கும்போதே பீ வைரஸ் தொற்றிய குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் அது நிலைத்துவிடுகிறது. பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் தோன்றாதிருக்கலாம். ஆனால் ஒரே சஹனில் உண்பதாலோ, முஸாபஹா செய்வதாலோ இவை தொற்றுவதில்லை. எனவே நோயாளியை ஒதுக்காதீர்கள்.

பெற்றோர்களே! இலங்கையில் குழந்தைகளுக்கான ஹெப்படைட்டிஸ் பீ தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது 2003ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன் பிறந்த எம்மில் பலர் அதனைப் பெறவில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, வைத்தியரின் ஆலோசனைப்படி தடுப்பூசி பெறுங்கள். சீ வகைக்குத் தடுப்பூசி இல்லை; எனினும் சில மாத மாத்திரைகளால் பெரும்பாலானோர் பூரண சுகமடைகின்றனர். உம்ராவில் தலைமுடி களையும்போதும் புதிய அலகையே கேட்டுப் பெறுங்கள்.

உடல் அல்லாஹ்வின் அமானிதம். சகோதரனின் மானமும் அவ்வாறே. ஸூரத்துல் ஹுஜுராத் தீய ஊகத்தைத் தடுக்கிறது. நோயாளியைக் கண்டால் காரணம் துருவாது, துஆச் செய்வோம். பழி பேசப்பட்டால் வாய் திறந்து தடுப்போம். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.

அல்லாஹ் எம்மை மன்னித்து, நோயுற்றோருக்கு ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.