பரிசுச் சீட்டும் பள்ளிக்கூடமும்

(திண்டிவனத்தில் நண்பர்கள் கூட்டிய கல்வி குறித்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு யோசனை சொன்னார். கேரளாவில் 1967லிருந்து அரசே லாட்டரி நடத்துகிறது, இங்கேயும் நடத்தட்டும், வருகிற காசை அப்படியே அரசுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கட்டும், எப்படியும் சனங்க திருட்டுத்தனமா மூணு நம்பர் வாங்கிக்கிட்டுத்தானே இருக்கு என்றார். நிறையப் பேர் தலையாட்டினீர்கள். எழுதிக்கொண்டு வந்ததை மடித்து வைத்துவிட்டு இதைப் பற்றியே பேசிவிடுகிறேன். கவிஞர் என்று போட்டு என்னை அழைத்திருக்கிறார்கள். இன்றைக்கு வங்கி கிளார்க்காகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் காலனியில் நான் படித்த படிப்பு முதன்முதலில் பயன்பட்டது லாட்டரிக்குத்தான். பெரியப்பாவுக்கு எழுத்து தெரியாது. கூலி வாங்குகிற அன்றைக்கு திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு சீட்டு வாங்கிவிடுவார். தமிழ்நாடு, பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று வரிசையாக க்ளிப் போட்டுத் தொங்கும். சாயந்திரம் டீக்கடை பெஞ்சு மேல் என்னை ஏற்றி நிறுத்தி, 'படிக்கிற புள்ள, நீ பாத்துச் சொல்லுடா' என்று பேப்பரை நீட்டுவார். நாலாவது படிக்கிறேன். ஒவ்வொரு எண்ணாகப் படித்துவிட்டு 'இல்ல பெரிப்பா' என்பேன். ஊர்த்தெரு ஆட்களும் ஒதுங்கி நின்று காது கொடுப்பார்கள். என் வாயிலிருந்து வந்த நம்பருக்கு மட்டும் தீட்டு கிடையாது.

அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1968இல் வந்தது பரிசுச் சீட்டு. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். நல்ல வாக்கியம்தான், பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் யாருடைய வீட்டிலிருந்து காசு கிளம்பி எந்த நாட்டுக்குப் போனது? நிலம் வைத்திருந்தவன் சீட்டு வாங்கினால் அது அவனுக்கு வேடிக்கை. நாற்று நட்டவள் முந்தானையில் முடிந்த காசில் வாங்கினால் அது அன்றைக்கு ராத்திரிச் சோறு. சீட்டு விலை ரெண்டு பேருக்கும் ஒன்றுதான். வருமானத்தைப் பார்த்துப் போடாத வரிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் என் கவுன்டரில்கூட நான் பார்த்ததில்லை.

2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதே 2003 நவம்பரில் சாராயச் சில்லறைக் கடையை அரசே எடுத்துக்கொண்டது, டாஸ்மாக். ஏழை வீட்டுக் காசு ஒரு ஜன்னலை விட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனது, அவ்வளவுதான். லாட்டரியும் போய்விடவில்லை. கேரளச் சீட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து இந்த விழுப்புரத்திலேயே ஓடியது. ஆயிரத்தில் ஒன்றுதான் விழும், பத்தாம் வகுப்பு நிகழ்தகவுக் கணக்குதான். 2019 டிசம்பரில் அந்தக் கடனில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே குழந்தைகளோடு செத்துப்போனது. உங்களுக்கே தெரியும், விவரிக்க மாட்டேன். தடை போதவில்லை என்பதில் அண்ணன் சொல்வது சரி. அதற்காக அரசு அந்த ஏவாரத்தில் கூட்டுச் சேர வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பாபாசாகேப்பே சொல்லியிருக்கிறாரே என்று ஒரு தோழர் குறுக்கே கேட்டார். சொன்னார். 1927 மார்ச் 12, பம்பாய் சட்டமன்றம். மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்ததற்கு எட்டு நாள் முன்பு. கல்வி மானியத்தின் மீது பேசுகிறார். இந்த மாகாணத்தில் தலைக்குக் கல்விக்கு நீங்கள் செலவழிப்பது 14 அணா, கலால் வரியாக எடுப்பதோ தலைக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல், எடுத்த அளவுக்காவது கல்விக்குக் கொடுங்கள் என்கிறார். பள்ளியில் சேரும் 100 பிள்ளைகளில் 18 பேர்தான் நாலாம் வகுப்பை எட்டுகிறார்கள் என்று அதே பேச்சில் அடுக்குகிறார். கட்டணம் ஏற்றிக் கல்வியை வியாபாரமாக்குவதையும் கண்டிக்கிறார். அவர் கேட்டது கணக்கு. பள்ளிக்கூடம் நடத்தக் கடை திறங்கள் என்று அவர் சொல்லவில்லை.

இன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024-25இல் டாஸ்மாக் வருமானம் ஏறக்குறைய 48,344 கோடி. அதே ஆண்டு பள்ளிக்கல்விக்கு பட்ஜெட்டில் ஒதுக்கியது 44,042 கோடி. தொண்ணூற்றேழு வருடம் கழித்துத் தராசு கிட்டத்தட்ட நேராகிவிட்டது! குடிக்கிற அப்பன் காசில் பிள்ளைக்குப் புத்தகம், சைக்கிள். அதையும் இலவசம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், நாமும் கும்பிட்டு வாங்குகிறோம்.

லாட்டரிப் பணத்தைத் தனியாகக் கல்விக்கென்றே ஒதுக்கலாம் என்பீர்கள். பணத்துக்கு முகம் கிடையாது தோழர். ஒரே கணக்கில் பத்துப் பேர் போட்டால் எது யாருடைய நோட்டு என்று என்னாலேயே சொல்ல முடியாது. லாட்டரியிலிருந்து 100 கோடி பள்ளிக்கூடத்துக்கு வந்தால், ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த 100 கோடி சத்தமில்லாமல் வேறு பக்கம் நகரலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1984இல் பள்ளிகளுக்காகவே என்று சொல்லி ஓட்டெடுப்பு நடத்தி லாட்டரி கொண்டுவந்தது. அங்கே பள்ளிகளின் மொத்த வருமானத்தில் அது நூற்றுக்கு ஒன்று என்கிற அளவுதான். ஆனால் லாட்டரிதான் பள்ளிக்கூடத்தை நடத்துகிறது என்ற நினைப்பு சனத்துக்கு வந்துவிட்டால், சொத்துள்ளவனிடம் வரி கேட்கிற வாய் அடைத்துப்போகும். எனக்குப் பயம் அதுதான்.

நமக்குச் சேர வேண்டிய காசு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1979இல் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது, மக்கள்தொகை விகிதப்படி நமக்கு நிதி ஒதுக்க வேண்டுமென்று. அதற்கென்று இங்கே ஒரு சட்டம் வர 2024 ஆனது. பொதுத் திட்டத்துக்குச் செலவழித்ததையெல்லாம் அந்தக் கணக்கில் எழுதிக் காட்டுகிறார்கள் என்பது எத்தனை வருடப் புகார்! ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் கூரை ஒழுகுவதற்கு லாட்டரி இல்லாதது காரணமில்லை. ஜூன் மாதம் வந்தால் எங்கள் கவுன்டரில் கம்மலும் மூக்குத்தியும் வந்து குவியும். ஏம்மா என்று கேட்டால், 'புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் சார்' என்பார்கள். அரசுப் பள்ளியை நம்பாமல் தனியார் பள்ளிக்கு. இவர்களிடம் போய் இன்னொரு சீட்டையும் நீட்டச் சொல்கிறீர்களா, அண்ணா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாவட்டத்தில் நலப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் போன வருடம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அரசு வங்கி ஊழியன், என் பெயரில் போட்டால் என்ன கேள்வி வருமோ தெரியாது. கையெழுத்துப் போட முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள்.

பெரியப்பா இறந்த பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரப்பர் பேண்டு போட்டு விழாத சீட்டெல்லாம் கட்டுக் கட்டாக இருந்தது. எதற்குச் சேர்த்து வைத்தார் என்று பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. ஒரு கட்டு கொண்டு வந்திருக்கிறேன். கை மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.