இராவணன் பக்கத்துக் கதை

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



வருகிற ஆண்டிலே இராவணனைக் கதாநாயகனாக வைத்து நாடகம் போட எண்ணியிருப்பதாக உங்கள் செயலாளர் சொன்னார். எழுதிய மட்டும் வாசித்துங் காட்டினார். அதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

திருகோணமலையிலே இராவணன் அயலான் அல்லன். கோணேசர் கோயிலருகே கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் பாறையை இராவணன் வெட்டு என்கிறோம். தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க அவன் வாளால் வெட்டிய இடம் என்பது ஐதிகம். அத்தாய் இறந்தபோது ஈமக்கடனுக்காகத் தோன்றியவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பர். திருஞானசம்பந்தரும் பதிகந்தோறும் எட்டாம் பாட்டிலே பெரும்பாலும் இராவணனை நினைக்கிறார். நம் கோணமலைப் பதிகத்திலும் அப்படியே. மலையை எடுத்த செருக்குக்காக நெரிபட்டவனும் அவன். பாடி அருள் பெற்றவனும் அவன்.

பாட்டனாரின் அந்தியேட்டிக்காகச் சிறுவயதிலே கன்னியாவுக்குப் போனேன். அன்று வரை எனக்கு இராவணன் என்றால் பத்துத் தலையும் கோரைப் பல்லும்தான். "அவனும் தாயைப் பறிகுடுத்தவன்தான், ராசா" என்றார் அம்மம்மா. அதன்பின் அவனை வெறுக்க எனக்கு முடியவில்லை.

வங்கத்து மைக்கேல் மதுசூதன தத்தரும் அம்மம்மாவின் வழியையே பிடித்தார். மேகநாதன் என்னும் இந்திரசித்தின் வதத்தை அவர் 1861இல் காவியமாக்கினார். மகன் வீரபாகு மாண்ட செய்தி கேட்டு இராவணன் சபையிலே கலங்குவதோடு அது தொடங்குகிறது. இந்திரசித்தின் ஈமச்சடங்கோடு முடிகிறது. பிள்ளையை இழந்த தகப்பனை முதலிலே காட்டிவிட்டால், அவன் செய்த பிழையை யார் கேட்கப் போகிறார்கள்?

புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட இராவண காவியம் வேறு வகை. அங்கே இராவணன் குறையில்லாத தமிழ் வேந்தன். பழியெல்லாம் இராமன் பக்கம். சென்னை மாகாண அரசு 1948இல் அந்நூலைத் தடை செய்தது. 1971இலேதான் தடை நீங்கியது. தடை செய்தது தவறு என்பேன். ஆயினும் அதிலே கொடியவன் மறையவில்லை, பக்கம் மாறி நிற்கிறான். குறையில்லாதவனைப் போற்றலாம், அவனுக்காக அழுகை வருவதில்லை.

1960களின் நடுவிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மேடையேற்றிய இராவணேசன் கூத்தே எனக்குப் பிடித்தது. எழுதியவர் மௌனகுரு, இராவணனாக ஆடியவரும் அவரே. நம் கிழக்கிலங்கையின் வடமோடி ஆட்டத்திலே வீரனும் அவனாக, தன் ஆணவத்தால் அழிகிறவனும் அவனாக இராவணன் நிற்கிறான்.

இனி உங்கள் நாடகம். முதற் காட்சியிலே இராவணன் தாய்க்கு நீர்க்கடன் செய்கிறான், நல்ல தொடக்கம். மண்டோதரிக்கு இரண்டு காட்சிகள். சீதைக்கோ, அசோகவனத்துத் திரைக்குப் பின்னால் ஒரு குரல் மட்டுமே! இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இராவணன் கண்ணாலே பார்க்கத் தொடங்கினால், அவன் பார்க்க விரும்பாதது நமக்கும் தெரியாமற் போகிறது. தூக்கி வரப்பட்ட பெண்ணொருத்தி அங்கே இருக்கிறாள் என்பதை மறந்தே கைதட்டுவோம். வாசிக்கக் கேட்டுக் கண் கலங்கியவன் நான். வீட்டுக்குப் போன பிறகுதான் சீதையின் நினைவு வந்தது.

அவளை மேடைக்குக் கொண்டுவந்தால் இராவணன் மீதுள்ள இரக்கம் குறைந்துவிடும் என்று செயலாளர் அஞ்சுகிறார். குறையட்டுமே! அவள் வாயாலே நடந்ததைக் கேட்ட பின்னர் எவ்வளவு இரக்கம் மிஞ்சுகிறதோ, அவ்வளவுதான் அவனுக்கு உரியது. அவளைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சம்பாதித்துக் கொடுப்பது அவனுக்கும் பெருமையன்று.

ஆகவே எழுதுகிற தம்பி இன்னொரு காட்சி எழுதட்டும். பெண் வேடத்துக்கு ஆளில்லை என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. முன்வரிசையிலே இருக்கிற தங்கைமாரைக் கேட்டுப் பாருங்கள்.